டிவிக்காரர்கள் ஓலை போட்ட ஓட்டு வீடு

கல்யாணமாகிக் காத்திவாக்கத்து மீனவர் குப்பத்துக்குப் போன மறுநாள் மத்தியானம், என் மாமியார் கோழியிடம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"தோ பாரு, சோறு ஆயிடுச்சி. துண்றவங்க வந்து துண்ணலாம். ஆறிப்போச்சின்னு அப்பறம் யாரும் மூஞ்ச தூக்கி வெச்சிக்கக் கூடாது."

கோழி காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் பீடி குடித்துக்கொண்டிருந்த மாமனார்தான் எழுந்து, கை கழுவி, உள்ளே வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவரும் கோழியைப் பார்த்து, "கொயம்புல உப்பு கம்மி" என்றார்.

நான் ராயபுரம் கல்மண்டபத்துப் பெண். எங்கள் வீட்டில் ஒரு வார்த்தைக்கு நாலு பேர் பதில் சொல்வோம். பயந்துபோய் அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எதையும் அலட்டிக்கொள்ளாமல் சொல்லக்கூடிய மனிதர்.

"அதுவா? நைனாவும் அம்மாவும் பேசிக்க மாட்டாங்க. அஞ்சு வருஷம் ஆவுது."

"இன்னா சண்ட?"

"வாசலு."

மாமனார் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கும் வேலை. அதற்கு முன்னால் அவர் குடும்பம் முழுக்க, குப்பத்தில் ஆறு என்று சொல்லும் உப்பங்கழியில் மீன் பிடித்துப் பிழைத்தது. தண்ணீருக்கும் பஸ் போகும் சாலைக்கும் நடுவில் இருந்த துண்டு மனையில் அவர்கள் ஓலைக்குடிசை போட்டிருந்தார்கள். ஒரு புயலில் அந்தக் குடிசை பறந்தபோது என் மாமியார் இயேசுவின் திரு இருதயப் படத்தின் முன் நின்று, இனி செத்தாலும் ஓலைக்குக் கீழே படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் பல வருஷம் தகரக் கொட்டகையில் ஒண்டிய பிறகு, மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெறும் சமயத்தில், அதே இடத்தில் செங்கல் சுவரும் மங்களூர் ஓடுமாக வீடு எழும்பியது. அந்தக் குப்பத்தில் அது மூன்றாவது ஓட்டு வீடு. முதல் இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாமியார் ஒப்ப மாட்டார். ஒன்றில் ஓடு பழசு, இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும்தான் ஓடு.

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது மாமியார் பழவேற்காட்டுக்குத் தங்கையின் பிரசவத்துக்குப் போனார். வாசல் பஸ் ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது நிலைக்கதவு உப்பங்கழியைப் பார்த்து நின்றது. ரோட்டுப் பக்கம் வெறும் சுவர். மாமனார் காரணம் சொல்லவில்லை. மாமியாரும் கேட்கவில்லை. அன்றைக்கே ஒரு கோழி வாங்கினார்.

நான் வந்த பிறகு கோழிக்கு வேலை குறைந்தது. தபால் வேலை என்னிடம் வந்தது. "அந்த ஆளுக்குக் காது செவுடா, கூப்பிட்டா வர மாட்டாரா?" என்று மாமியார் சொன்னால் நான் மாமனாரிடம் போய், "மாமா, அத்தை கூப்டாங்க" என்பேன். "பஜாரி, இன்னாவாம் அவளுக்கு?" என்று அவர் கேட்டால் அடுப்படிக்கு வந்து, "இன்னா வோணும்னு மாமா கேக்குறாரு" என்பேன். ஆறே மாதத்தில் நல்ல தபால்காரியாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மூவரும் ஒரே ரோட்டில் போவோம். முன்னால் மாமனார், பத்தடி பின்னால் மாமியார், நடுவில் நான், இரண்டு பேருக்கும் குரல் எட்டுகிற தூரத்தில்.

எழுபதுகளின் பிற்பாதி அது. சென்னையில் தொலைக்காட்சி வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எங்கள் குப்பத்தில் யார் வீட்டிலும் பெட்டி கிடையாது. திருவொற்றியூர்ப் பூங்காவில் ஒரு சின்ன அறைக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், சாயங்காலம் திறப்பார்கள், மணலில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான்.

ஒரு நாள் படகில் நான்கு பேர் வந்து எங்கள் வாசலில் இறங்கினார்கள். ஒருவர் கண்ணாடி போட்டு, கதர் ஜிப்பாவும் தோள்பையுமாக இருந்தார். வயது முப்பதுதான் இருக்கும். அவர்தான் டைரக்டர். ரோட்டு வழியாக இரண்டு நாள் சுற்றியும் சரியான வீடு கிடைக்கவில்லையாம். படகெடுத்துத் தண்ணீரிலிருந்து பார்த்தபோது எங்கள் வீடு கண்ணில் பட்டதாம்.

"மீனவர் வாழ்க்கையைப் பத்தி அரைமணி நேர நிகழ்ச்சி பண்றோம். இந்த வீடு ரொம்ப இயல்பா இருக்கு. ஒரே ஒரு நாள் படம் பிடிச்சுக்கிறோம்" என்றார்.

"இயல்புன்னா இன்னாடி?" என்று மாமியார் என் காதில் கேட்டார்.

"நல்லா கீதுன்றார் அத்தை."

மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"வீட்டுக்குச் சொந்தக்காரர் யாருங்க? அனுமதி கேக்கணும்."

"நான்தான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். ஐந்து வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும். டைரக்டர் இருவரையும் பொதுவாகப் பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்த பத்து நாள் மாமியார் எங்களை உட்கார விடவில்லை. உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்தோம். என் வீட்டுக்காரர் கதவுக்கும் சன்னலுக்கும் பளபளவென்று நீல பெயிண்ட் அடித்தார். ஓட்டின் மேலிருந்த தூசியை மாமனார் ஏணி வைத்து ஏறித் துடைத்தார். மாமியார் குப்பம் முழுக்கப் போய், "எங்க ஓட்டு வூடு டிவில வரப்போவுது" என்று சொல்லிவிட்டு வந்தார். 'வீடு' என்று மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. 'ஓட்டு வீடு' என்றுதான்.

படப்பிடிப்பு நாளன்று வேனிலிருந்து இறங்கிய டைரக்டர் எங்கள் வீட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஏன், வெள்ள பத்தலயா? இன்னொரு தபா அடிக்கட்டா?"

அவர் பாவம், கோபப்படவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு கூட வந்த ஆட்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து எங்கள் வெள்ளைச் சுவரில் விசிறினார்கள். நீலக் கதவின் மேல் கிழிந்த கோணியைத் தொங்கவிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தையும் காலண்டரையும் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள். மாமியார் பொறுத்துக்கொண்டார். திரு இருதயப் படத்தில் ஒருவன் கை வைத்தபோதுதான் குறுக்கே வந்து நின்றார்.

"அவரு எங்கயும் போ மாட்டாரு."

"மீனவர் வீடும்மா... கொஞ்சம்..."

"அவரும் மீன்காரங்களோடதான் சுத்திகினு இருந்தாரு. ஒனக்குத் தெரியாதா?"

டைரக்டர் யோசித்துப் பார்த்து, படம் இருக்கட்டும் என்றார்.

ஆனால் அடுத்து நடந்ததை மாமியார் எதிர்பார்க்கவில்லை. வண்டியின் மேலிருந்து கட்டுக் கட்டாகத் தென்னங்கீற்று இறங்கியது. இரண்டு பேர் ஏணி வைத்து ஏறி, மாமனார் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்த ஓட்டின் மேல் கீற்றைப் பரப்பிக் கயிறு கட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் எங்கள் ஓட்டு வீடு குடிசையாகிவிட்டது.

மாமியார் கோழியைத் தேடினார். அது பயந்து எங்கோ ஓடியிருந்தது. ஆகவே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஓலையிலருந்து வெளிய வர்றதுக்கு நான் எம்மாம் பாடு பட்டேன் தெரியுமா? இவனுங்க ஒரு மணி நேரத்துல உள்ள தள்ளிட்டானுங்களே! கேளுடி அந்த சார!"

நான் டைரக்டரிடம் போய், "ஓலையை அப்பறம் எடுத்துருவீங்களான்னு அத்தை கேக்குறாங்க" என்றேன். கை பழகிவிட்ட வேலை.

"சாயங்காலமே எடுத்துருவோம்" என்றார்.

புடவையிலும் தகராறு வந்தது. கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு நின்ற மாமியாரிடம், ஓரத்தில் நடமாடுவதற்காவது கிழிசலாக ஒன்று கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கிழிசல் புடவையே தன்னிடம் கிடையாது என்று சாதித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் கேட்டு என்னை அனுப்பினார். அவள் ஒரு முழு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "கியிஞ்ச பொடவைன்னா என் வூட்டுக்கு வரணும்னு யாருடி சொன்னா ஒனக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கொடுத்தாள்.

காமிராக்காரர் தொந்தியும் வியர்வையுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது, இல்லாவிட்டால் கரண்டுக் கம்பி, அதுவும் இல்லாவிட்டால் பஸ். கிராமம் கிராமமாகத் தெரிய வேண்டுமாம். கடைசியில் எங்கள் வாசலை ஒட்டி ஓரமாகக் காமிராவை வைத்துப் பார்த்தார். வீட்டின் முன்பக்கமும் பின்னால் உப்பங்கழியும், நாலு கட்டுமரமும், வானமும் மட்டும் தெரிந்தன.

"இந்த ஒரு இடம்தான் சார்! இந்த வாசல் மட்டும் இல்லேன்னா நாம திரும்பிப் போயிருக்கணும்."

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். குப்பம் முழுக்கக் கேட்கிற குரலில், "அத்தொட்டுத்தான் சார் இந்தப் பக்கம் வாசல் வெச்சேன்" என்றார்.

மாமியார் அப்போதுதான் திரும்பி வந்திருந்த கோழியிடம், "ஆமா, டிவிக்காரன் வருவான்னு அப்பவே தந்தி வந்துச்சாம்" என்றார்.

கிழவன் கிழவியாக நடிக்க நாடகக்காரர்கள் இரண்டு பேர் தனி வண்டியில் வர வேண்டியிருந்தது. அவர்கள் வாசலில் உட்கார்ந்து, கிழவன் வலை பின்னுவான், கிழவி இறால் உரிப்பாள், இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் காட்சி. மத்தியானம் போயிற்று, மூன்று மணி ஆயிற்று, வண்டி வரவில்லை. வழியில் பழுதாகி நின்றுவிட்டதாக சைக்கிளில் ஒரு ஆள் வந்து சொன்னான். வெயில் சாயத் தொடங்கியது. டைரக்டர் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் மாமனாரையும் மாமியாரையும் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்த் தடுக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் இருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் உட்கார வைத்துவிட்டார். மாமனார் கையில் வலையும் வலை ஊசியும். மாமியார் முன்னால் ஒரு கூடை இறால்.

இருவருக்கும் நடுவில் ஒரு மாடு போகிற இடம் இருந்தது.

"கிட்ட உக்காருங்க. இன்னும் கொஞ்சம். அம்மா, நீங்க நகருங்க. ஆங், போதும். இப்ப பேசிட்டே வேலையைப் பாருங்க."

மாமனார் வலையைப் பார்த்தார். மாமியார் இறாலைப் பார்த்தார். காமிரா ஓடவில்லை. டைரக்டர் கெஞ்சினார். "எதாவது பேசுங்கம்மா. வீட்டுல தினம் பேசுற மாதிரி."

கூடியிருந்த குப்பத்துச் சனம் சிரித்தது. டைரக்டருக்கு ஏன் என்று தெரியவில்லை. கயிறு கட்டி எல்லோரையும் தூரத்துக்கு அனுப்பினார். கோழி குறுக்கே வராமல் இருக்க என்னிடம் கொடுத்து, கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். பிறகு சமாதானமாகச் சொன்னார்: "என்ன பேசினாலும் பரவாயில்ல. இந்தக் காமிராவுல சத்தம் பதிவாகாது."

மாமியார் நிமிர்ந்தார். "சத்தம் வராதா?"

"வராதும்மா. படம் மட்டும்தான். சத்தத்தை அப்புறம் நாங்க சேத்துக்குவோம்."

"நான் இன்னா பேசினாலும் டிவில கேக்காது?"

"கேக்காது."

"சத்தியமா?"

"சத்தியமா."

காமிரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது. மாமியார் ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினார். முகத்தை மாமனார் பக்கம் திருப்பினார்.

"இன்னாத்துக்குய்யா வாசல இந்தப் பக்கம் வெச்ச?"

மாமனாரின் கையிலிருந்த வலை ஊசி கீழே விழுந்தது. "யாரக் கேக்குற?"

"ஒன்னத்தான். வேற யாரு கீறா இங்க?"

அவர் ஊசியைத் தேடினார். கிடைத்த பிறகும் தேடினார்.

"பத்து நாளு அந்தாண்ட போனா வூட்டையே திருப்பி வெச்சிட்டியே! பஸ்ஸுலருந்து எறங்கிப் பாக்குறேன், சொவுரு. என் வூட்டுக்குள்ள பூர்றதுக்கு எனக்கே வயி தெரில. கையில மூட்டைய வெச்சிகினு சுத்திச் சுத்தி வந்தேன். பஸ்ஸுல இருந்த அத்தினி சனமும் பாத்துச்சி. அந்த கண்டக்டரு, 'இன்னாம்மா, வூடு மாறி வந்துட்டியா'ன்னு கேட்டான்யா."

இது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்காது. கோழியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமனார் கொஞ்ச நேரம் வலையில் இல்லாத முடிச்சைப் போட்டார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"நீ எறா புடிக்க ஆத்துல எறங்குவ இல்ல, அப்பல்லாம் நான் நைட்டு ஷிப்டு முடிச்சி வந்து பயைய குடிச வாசல்ல குந்துவேன். எறா போடுற பறிய பல்லுல கடிச்சிகினு நீ போவ. ஒன் தல மட்டும் தண்ணிக்கு மேல தெரியும். அது தெரிஞ்சாத்தான் எனக்கு டீ எறங்கும். ஒரு நாளு தல தெரியல."

"எப்ப?"

"பையன் ஒன் வவுத்துல இருக்கசொல்ல. தண்ணி சட்டுனு ஏறிச்சே, அன்னிக்கு. நீ பாட்டுக்கு அக்கரையில ஏறி வெறவு பொறுக்கிகினு இருந்துருக்க. எனக்கின்னா தெரியும்? கால் மணி நேரம் தண்ணியப் பாத்துகினு நின்னேன். எனக்கு நீச்ச மறந்துபோச்சி. அப்ப நெனச்சேன், இங்க எப்ப வூடு கட்னாலும் வாசல் ஆத்தப் பாத்துதான்னு."

மாமியாரின் கை நின்றுவிட்டது. உரித்த இறால் விரலிலேயே இருந்தது.

"வூடு கட்டசொல்ல நான் எங்கய்யா ஆத்துக்குப் போனேன்? முட்டி வலின்னு வுட்டு அப்பவே மூணு வருஷம் ஆச்சே."

"அது எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரில. அது பயகிடுச்சி."

"இத அன்னிக்கே சொல்லித் தொலையறதுக்கு இன்னா?"

"நீ எங்க என்னக் கேட்ட? கோயிகிட்ட இல்ல கேட்ட!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தக் கையை எடுத்தேன், கோழி கத்திக்கொண்டு பறந்தது. மாமியார் கையிலிருந்த இறாலை அவர் மார்பில் வீசி எறிந்தார். அழுதார் என்றும் சொல்லலாம், திட்டினார் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே மூச்சில் நடந்தது. "பிரமாதம்! ரொம்ப இயல்பு!" என்று டைரக்டர் தூரத்திலிருந்து கத்தினார்.

அதற்கப்புறம் அவர்களை நிறுத்த முடியவில்லை. ஐந்து வருஷத்துச் சரக்கு. பிலிம் தீர்ந்து காமிராக்காரர் மூடியைப் போட்டார். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் போகிற நேரத்துக்கு நாடகக்காரர்களின் வண்டி வந்து சேர்ந்தது. முகத்தில் சுருக்கம் வரைந்து, அழுக்கு பூசி, கந்தல் கட்டிய அந்த இரண்டு பேரைப் பார்த்ததும்தான் மாமியார் பேச்சை நிறுத்தினார்.

"யாருன்னே தெரில பாவம், எந்த ஊருல கஷ்டப்பட்டு வருதுங்களோ. உள்ள இட்னு போயி சோறு போடுடி" என்றார்.

போட்டேன். படப்பிடிப்புக்காக உரித்த இறால்தான் குழம்பு. அந்த நாடக அம்மாள் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலமே எடுப்பதாகச் சொன்ன ஓலையை அவர்கள் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறியபோது சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "இருக்கட்டும் வுடு, உள்ள ஜில்லுனு கீது. மய வரசொல்ல எடுத்துக்கலாம்" என்றார் மாமியார். திரு இருதயப் படத்தின் முன்னால் நின்று சொன்ன வார்த்தையை நான் ஞாபகப்படுத்தவில்லை. படத்துக்குத் தெரியாதா என்ன?

ஒளிபரப்பாகும் நாளை ஒரு கார்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். குப்பமே பஸ் ஏறி திருவொற்றியூர்ப் பூங்காவுக்குப் போயிற்று. மாமியார் முன்வரிசையில், மாமனாரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி கறுப்பு வெள்ளைதான். எங்கள் வீடு ஒரு குடிசையாக, பரிதாபமாக அதில் நின்றது. பின்னால் வயலின் அழுதது. "கடலன்னையின் மடியில் உழைத்துக் களைத்த இந்த முதிய தம்பதியர், இன்றைய மீன்பிடிப்பைப் பற்றி அமைதியாக உரையாடுகின்றனர்" என்று ஒரு கனத்த குரல் சொன்னது. திரையில் என் மாமியார் ஆள்காட்டி விரலை மாமனாரின் மூக்குக்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் மணலில் புரண்டு சிரித்தார்கள். கிழிந்த புடவை இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "கோயின்னு சொல்றாரு! தோ பாரு, கோயிங்குறாரு!" என்று கத்தினாள்.

பின்வரிசையில் யாரோ முன்பின் தெரியாத மனிதர், "பாவம், எவ்ளோ கஷ்டத்துல கீறாங்க" என்று உச்சுக் கொட்டினார்.

மாமியார் எழுந்து நின்று திரும்பினார். "யாருக்குய்யா கஷ்டம்? அது ஓட்டு வூடுய்யா! மங்களூரு ஓடு! மேல ஓலை போட்டு மறைச்சிட்டானுங்க! வேணும்னா வந்து பாரு!"

அந்த மனிதர் திரையில் தெரிந்த கிழவியையும் எதிரே நிற்கும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வாரத்தில் ராயபுரத்திலிருந்து ஒரு நல்ல மனசுக்காரப் பெண்மணி, பழைய துணி மூட்டையும் பால் பவுடர் டப்பாவுமாக, டிவியில் பார்த்த குடிசையைத் தேடிக்கொண்டு வந்தார். அதற்குள் முதல் மழை பெய்து ஓலை இறங்கியிருந்தது. எங்கள் வீட்டிலேயே வந்து, "இங்க ஒரு ஏழைத் தம்பதி இருக்காங்களாமே, பாவம், ரொம்ப வயசானவங்க?" என்று கேட்டார். மாமியார் கண்ணைச் சிமிட்டவில்லை. "அவங்க பயவேற்காட்டுக்குப் போயிட்டாங்கம்மா. நல்லாத்தான் கீறாங்க" என்றார். அந்த அம்மாளை உட்கார வைத்துச் சோறு போட்டு, மூட்டையை அவரிடமே கொடுத்து, கூடவே ஒரு பொட்டலம் கருவாடும் கட்டி அனுப்பினார்.

நான் தபால் வேலையை இழந்தேன். இருவரும் காலையில் எழுந்ததிலிருந்து நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். நடுவில் எடிட் செய்ய ஆளில்லாததால் எல்லா வார்த்தையும் முழுசாகவே போய்ச் சேர்ந்தது. "முன்ன நிம்மதியா இருந்துச்சி" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அடுத்த மாதமே மாமனார் கொத்தனாரைக் கூட்டிவந்து, ரோட்டுப் பக்கச் சுவரில் எங்கே இடிக்க வேண்டும் என்று மாமியாரைக் கேட்கச் சொன்னார். அவர் மூன்று நாள் யோசித்துக் கரிக்கோடு போட்டுக் காட்டினார். வீட்டுக்கு இரண்டு வாசல் ஆயிற்று. வருகிறவர்கள்தான் எந்தப் பக்கம் செருப்பை விடுவது என்று தெரியாமல் முழித்தார்கள்.

எங்கள் வீடு டிவிக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. 'டிவி வூடு' என்று கேட்டால் பஸ் கண்டக்டரே இறக்கிவிட்டார். அடுத்து வந்தவர்கள் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதையாக ஒரு நாடகம் எடுத்தார்கள். காமிராவை மாமனார் வாசலில் வைத்தபோது, வீட்டுக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் மாமியார் வாசல் வழியாக ரோடு தெரிந்தது. அதை மூடச் சொன்னார்கள். "எத்தினி வருஷம் கயிச்சி வந்த வாசலு, மூடுவேனா?" என்றார் மாமியார். வெள்ளைக்காரன் காலத்து மீனவன் ஒருவன் தன் மகளுக்குக் கண்ணீரோடு புத்தி சொல்லும்போது, அவன் தோளுக்குப் பின்னால் திருவொற்றியூர் பஸ் ஒன்று நிதானமாகப் போகும். பூங்காவில் அதற்குக் கைதட்டு விழுந்தது.

இப்படி மூன்று முறை வந்து போனதில் மாமியார் தேறிவிட்டார். ஒரு கிழிந்த புடவையை நாப்தலின் உருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவரிடமிருந்த புடவைகளிலேயே அவ்வளவு அக்கறையாக மடிக்கப்பட்டது அதுதான். கீற்றும் பத்துக் கட்டு சுவரோரம் தயாராக இருக்கும். மாமனார் புது டைரக்டர்களுக்கு, எந்த நேரத்தில் வெயில் எங்கே விழும் என்று சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டார். கேட்காவிட்டாலும் சொன்னார்.

நான்காவது முறை வரப்போவதாகக் கார்டு வந்தபோது நான் நிறைமாதம். மாமியார் முந்தின நாளே ஆட்களை ஏற்றி ஓடு முழுக்கக் கீற்று போட்டுவிட்டார். வெள்ளைச் சுவரில் தன் கையாலேயே களிமண் தண்ணீர் விசிறினார். காலையில் கிழிந்த புடவையைக் கட்டிக்கொண்டு, இறால் கூடையோடு உட்கார்ந்துவிட்டார்.

வேனிலிருந்து இறங்கிய பெண் ஒருத்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள்தான் இந்த முறை டைரக்டர்.

"ஏம்மா, இங்க ஒரு ஓட்டு வீடு இருந்துதே? துறைமுகத்துல வேலை செஞ்சு முன்னுக்கு வந்த குடும்பம்னு காட்டணும். வீடு நல்லா, சுத்தமா இருக்கணும். அந்த வீடு எங்க?"

மாமியார் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் வாழ்நாளில் அவர் அவ்வளவு வேகமாக எழுந்து பார்த்ததில்லை.

"யோவ்! ஏணிய எட்த்தா!"

மாமனார், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன், மூவரும் மேலே ஏறிக் கீற்றைப் பிய்த்து எறிந்தார்கள். அவசரத்தில் நாலு ஓடு உடைந்தது. மாமியார் கீழே நின்று, "அந்தாண்ட வரிசைய மெதுவா! முன்னாடி வரிசைய மெதுவா!" என்று கத்திக்கொண்டே பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுவரைக் கழுவ நான் குடம் தூக்கப்போய், அங்கேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான்கு நாள் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. டிவிக்காரர்கள் வேனிலேயே என்னை ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமியார் பட்டுப்புடவையோடு கூட வந்தார். அவர் இல்லாமலேயே அந்த வீட்டைப் படம் பிடித்தார்கள்.

என் மகள் பிறந்தாள். குறைந்த எடை என்பதால் எங்களை மூன்று வாரம் அங்கேயே வைத்திருந்தார்கள். அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று எங்கள் வீட்டு ஆட்கள் ஒருவரும் பூங்காவுக்குப் போகவில்லை. மாமனாரும் என் வீட்டுக்காரரும்கூட ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் பார்த்துவிட்டு, மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு எங்களைப் பார்க்க வந்தாள்.

குழந்தையை மடியில் வைத்திருந்த மாமியார் அவளை உட்காரக்கூட விடவில்லை.

"வந்துச்சா?"

"வந்துச்சிக்கா. வூடு நல்லாத் தெரிஞ்சிச்சி."

"ஓடு?"

"ஓடும்தான்."

"எத்தினி வரிசை?"

பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். பிறகு விரல் விட்டு எண்ணுகிற மாதிரி மேலே பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். "எல்லா வரிசையும் தெரிஞ்சிச்சிக்கா. ஒடஞ்ச நாலு மட்டும் தெரில" என்றாள்.

மாமியார் குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தார். பிறகு இன்னும் ஒரு முறை, முதலிலிருந்து, நிதானமாகச் சொல்லச் சொன்னார்.